பிலாட்டிஸ்: முதுகுவலிக்கு நிஜமாவே பலன் உண்டா, இல்ல காசு பிடுங்குற வேலையா?

ஓஎம்ஆர்_நாற்காலி:
வணக்கம். இங்க ரொம்ப நாளா படிக்கிறேன், எழுதுறது அபூர்வம்.

வயசு 38, ஐ.டி. வேலை. காலைல லேப்டாப் முன்னாடி உட்கார்ந்தா சாப்பாட்டுக்கு எழுந்திரிக்கிறதோட சரி. போன தீபாவளி சமயத்துல ஆரம்பிச்ச கீழ் முதுகு வலி விட்டு விட்டு வந்துட்டே இருக்கு. எம்.ஆர்.ஐ. எடுத்ததுல எல்4-எல்5 டிஸ்க் (கீழ் முதுகெலும்புக் கணுக்களுக்கு நடுவுல இருக்கிற மெத்தை) லேசா பிதுங்கியிருக்குன்னு ரிப்போர்ட். ஆர்த்தோ டாக்டர் "ஆபரேஷன்லாம் வேண்டாம்மா, எக்சர்சைஸ் பண்ணுங்க"ன்னார். என்ன எக்சர்சைஸ்னு கேட்டா, "ஸ்விம்மிங், யோகா, பிலாட்டிஸ், ஏதாவது ஒண்ணு." அவ்ளோதான், அடுத்த பேஷண்டைக் கூப்பிட்டுட்டார்.

பிலாட்டிஸ்னா வயிறு, முதுகுத் தசைகளைப் பலப்படுத்துற மெதுவான பயிற்சியாம். ஆபீஸ் பக்கத்துல அதுக்கு ஒரு ஸ்டுடியோ திறந்திருக்காங்க. ஸ்பிரிங் வச்ச சறுக்குற கட்டில் எல்லாம் இருக்கு. ட்ரையல் கிளாஸ் நல்லாத்தான் இருந்துச்சு, மறுநாள் வயித்துல எனக்கே தெரியாத இடமெல்லாம் வலிச்சுது. மூணு மாசப் பேக்கேஜ் எவ்வளவுன்னு கேட்டதும் முதுகு தானா நிமிர்ந்துடுச்சு!

கேட்க வந்தது இதுதான். நிஜமா பலன் உண்டா? மெஷின் இல்லாம வீட்ல பாய் விரிச்சுப் பண்ணா ஆகாதா? அப்புறம் அம்மாவையும் (66) சேர்த்துவிடச் சொல்றாங்க, ஃபேமிலி டிஸ்கவுண்ட்டாம். அம்மாவுக்கு எலும்பு பலவீனமா இருக்குன்னு ஸ்கேன்ல வந்திருக்கு.

சித்தன்போக்கு:
நம்ம வீட்டுச் சொத்து யோகா இருக்கும்போது ஜெர்மன்காரன் வித்தைக்கு எதுக்கும்மா காசு? நம்ம பாட்டிங்க அம்மி அரைச்சாங்க, குனிஞ்சு நிமிர்ந்து கோலம் போட்டாங்க. எந்தப் பாட்டிக்கு முதுகுவலி வந்துச்சு?

வெந்தயக்களி:
எங்க பாட்டிக்கு வந்துச்சு. அம்மியும் அரைச்சாங்க, கோலமும் போட்டாங்க, அறுபதுக்குள்ள கூனும் விழுந்துச்சு. வலிக்குதுன்னு யார்கிட்ட சொல்லியிருப்பாங்க, கேட்க ஆள் இருந்தாத்தானே.

கோபுரம்தாங்கி:
பிசியோதெரபிஸ்ட், மதுரை. பிலாட்டிஸ் ஸ்டுடியோ எதுவும் நடத்தலை, யாருக்கும் ஆள் பிடிச்சுக் கொடுக்கவும் இல்லை. அதை முதல்லயே சொல்லிடுறேன்.

சகோதரி, அந்த எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டை நினைச்சு ரொம்பக் கலங்காதீங்க. முதுகுவலியே இல்லாதவங்களோட ஸ்கேன்களைத் தொகுத்து 2015ல ஒரு ஆய்வு வந்துச்சு. 40 வயசுக்காரங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்துச்சு, 80 வயசுல 84 சதவீதம். அவங்க யாருக்கும் வலி கிடையாது. உங்க வலிக்கு அந்தப் பிதுக்கம்தான் காரணம்னு ஸ்கேனை மட்டும் வச்சுச் சொல்லிட முடியாது.

அதுக்காக அலட்சியமும் வேண்டாம். பாதத்தைத் தூக்க வரலை, காலில் பலம் குறைஞ்சுட்டே போகுது, உட்காருற இடம் மரத்துப்போகுது, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு தப்புது, இதுல ஒண்ணு வந்தாலும் அன்னைக்கே எமர்ஜென்சிக்குப் போகணும். பாயும் வேண்டாம், மெஷினும் வேண்டாம்.

பலன் பத்தி. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசுற காக்ரேன் அமைப்பு 2015ல நாள்பட்ட முதுகுவலிக்குப் பிலாட்டிஸ் உதவுதான்னு 10 சோதனைகளை, மொத்தம் 510 பேரை, அலசி ஒரு தொகுப்பு வெளியிட்டுச்சு. ஒண்ணும் பண்ணாம இருக்கிறதோட, இல்ல வெறும் அறிவுரை சொல்லி அனுப்புறதோட ஒப்பிட்டா பிலாட்டிஸ் வலியைக் குறைக்குது, அன்றாட வேலையும் சுலபமாகுது. ஆதாரத்தோட தரம் குறைவு முதல் நடுத்தரம் வரைக்கும்தான். மற்ற உடற்பயிற்சிகளை விட இது ஒசத்தின்னு சொல்ல உறுதியான ஆதாரம் கிடைக்கலை. அதுக்கப்புறம் வந்த சில பெரிய ஒப்பீட்டு ஆய்வுகள்ல பிலாட்டிஸ் முன்வரிசையில நின்னுச்சு. ஆனாலும் இரண்டாம் இடத்துக்கும் அதுக்கும் உள்ள இடைவெளி, மூணு மாசப் பேக்கேஜ் விலையை நியாயப்படுத்துற அளவுக்கு இல்லைங்கிறது என் அபிப்பிராயம்.

சித்தன் அண்ணே, யோகாவும் முதுகுக்கு நல்லதுதான், சண்டையே இல்லை. ரெண்டுலயும் வேலை செய்யுற விதம் வேற. ஆசனத்துல ஒரு நிலைக்குப் போய் அதுல நிற்கிறோம். பிலாட்டிஸ்ல நடு உடம்பை அசையாம வச்சுக்கிட்டு கையையும் காலையும் மெதுவா நீட்டி மடக்குறோம். பையைத் தூக்கும்போதும் படியேறும்போதும் முதுகுக்கு வேண்டியது கிட்டத்தட்ட அந்தத் திறமைதான். அம்மா விஷயம் தனியா எழுதுறேன், அது கொஞ்சம் கவனமாச் சொல்ல வேண்டியது.

பழையபேப்பர்:
ஜெர்மன்காரர்னு பேச்சு வந்ததால ஒரு சின்ன வரலாறு.

ஜோசஃப் பிலாட்டிஸ் 1883ல ஜெர்மனியோட மோன்ஷன்கிளாட்பாக் ஊர்ல பிறந்தவர். சின்ன வயசுல ஆஸ்துமா, ரிக்கெட்ஸ், ருமாட்டிக் காய்ச்சல்னு எல்லாம் படுத்தி எடுத்துருக்கு. ஜிம்னாஸ்டிக்ஸ், குத்துச்சண்டைன்னு உடம்பைத் தானே தேத்திக்கிட்டார். முதல் உலகப்போர் வெடிச்சப்ப இங்கிலாந்துல இருந்தார். ஜெர்மன்காரர்ங்கிறதால எதிரி நாட்டவர்னு பிடிச்சு ஐல் ஆஃப் மேன் தீவுல நாக்கலோ முகாம்ல அடைச்சுட்டாங்க. அங்க நோயாளிகளோட கட்டில்ல ஸ்பிரிங் மாட்டிப் பயிற்சி கொடுத்தார், அதுதான் இப்போ இருக்கிற மெஷினோட பூர்வீகம்னு ஸ்டுடியோவுக்கு ஸ்டுடியோ சொல்வாங்க. அழகான கதை, ஆனா அப்படியே நம்பிடாதீங்க.

1926ல அமெரிக்கா போய், துணைவி கிளாராவோட நியூயார்க் எட்டாவது அவென்யூல ஸ்டுடியோ நடத்தினார். மார்த்தா கிரகாம், ஜார்ஜ் பாலன்சின் வட்டாரத்து நடனக்காரங்க அடிபட்டு வந்தா இவர்கிட்டத்தான் வருவாங்க. தன் முறைக்கு அவர் வச்ச பேர் "கான்ட்ராலஜி". 1967ல 83 வயசுல காலமானார்.

நாற்காலி கேட்ட கேள்விக்கு இதுல ரெண்டு விஷயம் உபயோகப்படும். 1945ல அவர் போட்ட புத்தகத்துல இருக்கிற 34 பயிற்சியும் தரையில பண்றதுதான், ஒண்ணுக்கும் மெஷின் கிடையாது. இன்னொண்ணு, 2000ல நியூயார்க் ஃபெடரல் நீதிமன்றம் பிலாட்டிஸ்ங்கிறது பொதுப்பெயர், யாரும் அதுக்கு டிரேட்மார்க் உரிமை கொண்டாட முடியாதுன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. அமெரிக்கத் தீர்ப்புதான், ஆனா அப்புறம்தான் உலகம் பூரா பேர்ப்பலகை முளைச்சுது. அதனால பலகையைப் பார்க்காதீங்க, சொல்லிக்கொடுக்கிறவர் எங்க, எவ்வளவு காலம் படிச்சார்னு கேளுங்க. வார இறுதி வகுப்பு முடிச்சுட்டு வந்தவரும் உண்டு, பல நூறு மணி நேரம் பயிற்சி எடுத்தவரும் உண்டு.

கலோரி_கணக்குப்பிள்ளை:
தொப்பை குறையுமான்னு யாரும் கேட்கலை, ஆனா அடுத்த பக்கத்துல யாராவது கேட்பீங்க. இப்பவே சொல்லிடுறேன்.

உடலுழைப்பை அளக்கிற மெட் கணக்குல சும்மா உட்கார்ந்திருக்கிறது 1, பிலாட்டிஸ் 3, வேகநடை (மணிக்கு ஐந்தரை கிலோமீட்டர் சுமார்) 4.3. அறுபது கிலோ ஆள் ஒரு மணி நேரம் பிலாட்டிஸ் பண்ணா 180 கலோரி வாக்கில் செலவாகும். அதே நேரம் விறுவிறுன்னு நடந்தா 258. ரெண்டு இட்லி, ஒரு வடை, கொஞ்சம் சாம்பார்னா பிலாட்டிஸ் கணக்கு பைசல்.

உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்னது: வாரத்துக்கு 150லிருந்து 300 நிமிஷம் மிதமான ஏரோபிக் உழைப்பு, அதோட ரெண்டு நாளாவது தசைக்குப் பயிற்சி. பிலாட்டிஸ் அந்த ரெண்டாவது பாதியில சேர்த்தி. இதயத்துக்குன்னு தனியா நடக்கத்தான் வேணும். "மூணே வாரத்துல நீளமான, மெலிந்த தசை"ன்னு ரீல் போடுறாங்களே, தசையோட நீளம் எலும்புல அது ஒட்டுற இடத்தைப் பொறுத்தது. அதைப் பாய் மேல படுத்து மாத்த முடியாது.

பனிக்கால_இட்லி:
நான் ஸ்காபுறோவில இருக்கிறன். இங்க கொம்யூனிட்டி சென்ரர்லயே மேட் பிலாட்டிஸ் நடக்குது, மெஷின் ஒண்டும் இல்லை. பேர் தெரியாத இடமெண்டபடியால் துணிஞ்சு எழுதுறன்.

ரெண்டாவது பிள்ளை பிறந்த பிறகு எனக்கு நாரி நோ, நீங்கள் கீழ் முதுகு வலி எண்டு சொல்லுறது. அதோட தும்மினால், சிரிச்சால், பிள்ளையத் தூக்கினால் சொட்டுச் சொட்டாச் சிறுநீர் போகும். அம்மாட்டச் சொன்னால் "பிள்ளை பெத்த எல்லாருக்கும் உள்ளதுதானே" எண்டு முடிச்சிட்டா. கலியாண வீட்டுக்குப் போறதெண்டால் முதல் பாத்ரூம் எங்க எண்டுதான் பாப்பன். கடைசியில ஃபமிலி டொக்டர் இடுப்புத்தளத் தசை (சிறுநீர்ப்பையைக் கீழ இருந்து தாங்கிற தசை) பாக்கிற பிசியோவிட்ட அனுப்பினா. அவ தந்த பயிற்சியோட சேர்த்துத்தான் பிலாட்டிஸ் தொடங்கினனான்.

கசிவு நிண்டது பிசியோ தந்த பயிற்சியால எண்டுதான் நினைக்கிறன். ஆனால் பிலாட்டிஸ் வேறொண்டு பழக்கினது. முந்தி கனமான சாமான் தூக்கேக்க மூச்சைப் பிடிச்சு வயித்தை வெளியில தள்ளுவன். இப்ப மூச்சை விட்டுக்கொண்டு தூக்கிறன், யோசிக்காமலே வருது. காரில இருந்து கார் சீற்றோட பிள்ளையத் தூக்கேக்க நாரியில ஒரு இழுவை வரும், அது இல்லை இப்ப. நித்திரையும் நல்லாக் கொள்ளுறன். அது பிலாட்டிஸாலயோ, சின்னவன் இரவில எழும்பிறதை விட்டதாலயோ, ஆருக்குத் தெரியும்!

கோபுரம்தாங்கி:
அக்கா, இதை எழுதினதுக்கு நன்றி. என் கிளினிக்ல இந்த விஷயத்தை மூணாவது நாலாவது தடவை வரும்போதுதான் வாயைத் திறப்பாங்க, அதுவும் வீட்டுக்காரரை வெளிய அனுப்பிட்டு.

நீங்க சொன்னது சரி. கசிவுக்கு முதல் வைத்தியம் இடுப்புத்தளத் தசைப் பயிற்சிதான். பிரிட்டன்ல மருத்துவ வழிகாட்டுதல் போடுற நைஸ் அமைப்போட வழிகாட்டுதல்ல ஒரு தடவைக்கு எட்டுச் சுருக்கமாவது, தினம் மூணு வேளை, மூணு மாசம், சொல்லிக்கொடுக்க ஆளோட பண்ணணும்னு இருக்கு. பிலாட்டிஸ் அதுக்குத் துணையா வரலாம், அதோட இடத்துக்கு வர முடியாது. கர்ப்பமா இருக்கிறவங்க இதைப் படிச்சா: நாலாவது மாசத்துக்கு மேல மல்லாந்து ரொம்ப நேரம் படுத்துப் பண்ற பயிற்சிகளை விட்டுடுங்க, கருப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தித் தலை சுத்தும். பக்கவாட்டுல படுத்து, உட்கார்ந்து, நின்னு பண்றதுக்கு நிறைய இருக்கு.

ஓஎம்ஆர்_நாற்காலி:
எல்லாருக்கும் நன்றி, இவ்ளோ எதிர்பார்க்கலை. கோபுரம்தாங்கி சார், ட்ரையல் கிளாஸ்ல அந்தப் பொண்ணு "கோர் எங்கேஜ் பண்ணுங்க, கோர் எங்கேஜ் பண்ணுங்க"ன்னு சொல்லிட்டே இருந்தா. நான் வயித்தை எக்கிட்டு மூச்சு முட்டப் படுத்திருந்தேன். அது என்னதுன்னு சொல்லுங்களேன்.

கோபுரம்தாங்கி:
எக்கினா போச்சு, மூச்சும் நின்னுடும். இப்படிப் பண்ணிப் பாருங்க.

மல்லாந்து படுங்க, முழங்காலை மடக்கிப் பாதம் ரெண்டும் தரையில. முன்பக்கம் இடுப்பெலும்பு முனை ரெண்டு துருத்திட்டு இருக்கும். அங்கிருந்து ரெண்டு விரற்கடை உள்ளே, கொஞ்சம் கீழே, விரல் நுனியை அழுத்தி வைங்க. லேசா இருமுங்க. விரலை மேல தள்ளிட்டு ஒண்ணு எழும்புதில்ல, நமக்கு வேண்டியது அது இல்லை. இப்போ உதட்டைக் குவிச்சு மெதுவா மூச்சை விடுங்க, விட விட அடிவயித்தை மெல்ல உள்ளே வாங்குங்க. முழுப் பலத்துல கால்வாசி போதும். விரலுக்கு அடியில எதுவும் எழும்பாம, கொடியில துணியை இழுத்துக் கட்டின மாதிரி ஒரு விறைப்பு தெரியும். அது வயித்தைச் சுத்தி பெல்ட்டா ஓடுற உள்தசை. அந்த விறைப்பு இருக்கும்போதே மூக்கால மூச்சு இழுக்க முடியணும், விலா எலும்பு ரெண்டு பக்கமும் விரியணும். மார்பைச் சுத்தி ஒரு துண்டைக் கட்டிக்கிட்டா பக்கவாட்டுல விரியுறது நல்லாத் தெரியும்.

அது வசப்பட்டதும் ஒரு காலைத் தூக்கி முழங்காலை இடுப்புக்கு நேர் மேல கொண்டு வாங்க. மெதுவா இறக்கிக் கால் விரல் நுனியால தரையைத் தொட்டுட்டுத் திரும்பக் கொண்டு வாங்க. அப்புறம் அடுத்த கால். முதுகு பாயை விட்டு வில்லா எழும்பினாலோ, வயித்து நடுவுல கூம்பா ஒரு மேடு தள்ளினாலோ அங்கேயே நிறுத்துங்க, உங்க எல்லை இன்னைக்கு அதுதான். "ஹண்ட்ரட்"னு பிரபலமா ஒண்ணு இருக்கே, தலையைத் தூக்கிக் கையை மேலும் கீழும் அடிச்சுட்டு, அஞ்சு எண்ணுற வரைக்கும் மூச்சு உள்ளே, அஞ்சு எண்ணுற வரைக்கும் வெளியே, பத்து சுத்து போய் நூறு. அதெல்லாம் இதுக்கு அப்புறம்.

கலோரி_கணக்குப்பிள்ளை:
அந்த உள்தசைக் கதை கொஞ்சம் பழசாச்சே சார்? 1996ல முதுகுவலிக்காரங்களுக்கு அந்தத் தசை தாமதமா வேலை செய்யுதுன்னு ஒரு ஆய்வு வந்து, அதுலேர்ந்து எல்லாரும் அதையே பிடிச்சுட்டுத் தொங்குறாங்க.

கோபுரம்தாங்கி:
நியாயமான கேள்வி. அந்த ஆய்வு நல்ல ஆய்வுதான். கையைத் தூக்கச் சொன்னா, வலி இல்லாதவங்களுக்குக் கை அசையுறதுக்கு முன்னாடியே அந்தத் தசை இறுகிடுது, வலி உள்ளவங்களுக்குத் தாமதமாகுது. தப்பு எங்க நடந்துச்சுன்னா, அந்த ஒரு தசையைத் தட்டி எழுப்பினா வலி போயிடும்னு முடிவு கட்டினது. பின்னாடி வந்த சோதனைகள்ல அதைத் தனியாப் பிரிச்சுப் பழக்கினதுக்கும் பொதுவான உடற்பயிற்சிக்கும் பெரிய வித்தியாசம் தெரியலை. நான் அதைச் சொல்லிக்கொடுக்கிறது வேற காரணத்துக்கு. வலிக்குப் பயந்து முழு உடம்பையும் இறுக்கிட்டு நகர்றவங்களுக்கு, கொஞ்சம் விறைப்பு போதும், மூச்சு விட்டுட்டே அசையலாம்னு கைக்குத் தெரியுற மாதிரி காட்ட இது நல்ல வழி. பயம் குறைஞ்சாலே பாதி வலி குறையுறதை தினமும் பார்க்கிறேன்.

இப்போ அம்மா. டெக்சா, அதாவது எலும்பு அடர்த்தி ஸ்கேன் ரிப்போர்ட்ல டி-ஸ்கோர்னு ஒரு எண் இருக்கும். மைனஸ் 1க்கும் மைனஸ் 2.5க்கும் நடுவுலன்னா எலும்பு அடர்த்தி குறைய ஆரம்பிச்சிருக்கு. மைனஸ் 2.5 அல்லது அதுக்கும் கீழன்னா ஆஸ்டியோபோரோசிஸ், எலும்பு மெலிஞ்சு சுலபமா முறியுற நோய். எவ்வளவுன்னு பாருங்க.

இது எதுக்குன்னா, பிலாட்டிஸோட பிரபலமான பயிற்சிகள்ல பாதி முதுகைச் சுருட்டுறது. படுத்த நிலையிலேர்ந்து ஒவ்வொரு கணுவா எழுந்திரிக்கிற ரோல்-அப், பந்தா உருளுறது, காலை நீட்டிக் குனியுறது, ஹண்ட்ரட் கூட. அப்படிச் சுருட்டும்போது முதுகெலும்போட முன்பக்கம் அழுந்தும், எலும்பு மெலிஞ்சவங்களுக்கு நொறுங்குறதும் அதே இடத்துலதான். 1984லயே மேயோ கிளினிக்ல ஆஸ்டியோபோரோசிஸ் உள்ள 59 பெண்களை வச்சுப் பார்த்தாங்க. முதுகை முன்னால வளைக்கிற பயிற்சி மட்டும் பண்ணவங்கள்ல 89 சதவீதம் பேருக்கு முதுகெலும்புல புது நொறுங்கல். பின்னால நிமிர்த்துற பயிற்சி பண்ணவங்கள்ல 16 சதவீதம். சின்ன ஆய்வுதான், ஆனா அதைப் படிச்ச எந்தப் பிசியோவும் மறக்க மாட்டாங்க. இதே காரணத்துக்காகக் காலை நீட்டி உட்கார்ந்து முன்னால குனியுற பஸ்சிமோத்தானாசனமும் அவங்களுக்கு ஆகாது சித்தன் அண்ணே.

அதனால அம்மாவுக்குப் பிலாட்டிஸே கூடாதுன்னு இல்லை. குப்புறப் படுத்து மார்பை லேசாத் தூக்குறது, பக்கவாட்டுல படுத்துக் காலைத் தூக்குறது, கிச்சன் மேடையைப் பிடிச்சுக் குதிகாலை உயர்த்துறது, ஒத்தைக் காலில் நிற்கிறது எல்லாம் தாராளமாப் பண்ணலாம். 66 வயசுல பெரிய எதிரி கீழே விழுறதுதான். 2019 காக்ரேன் தொகுப்புல 108 சோதனை, 23,407 பேர். உடற்பயிற்சி பண்ண முதியவங்க விழுற வீதம் 23 சதவீதம் குறைஞ்சுது, முக்கியமா சமநிலைப் பயிற்சியில. எலும்பு கெட்டியாகணும்னா பாரமும் தூக்கணும், பாய் மட்டும் போதாது. மருந்து, வைட்டமின் டி எல்லாம் டாக்டர் சொல்றபடி.

சித்தன்போக்கு:
பஸ்சிமோத்தானாசனம் ஆகாதுன்னு சொன்னது புதுசு. எங்க அம்மாவுக்கு 71, தினமும் பண்றாங்க. ஸ்கேன் எடுக்கச் சொல்றேன்.

ஓஎம்ஆர்_நாற்காலி:
அப்டேட். ஸ்டுடியோவுக்குப் போய்க் கேட்டேன். எங்க படிச்சீங்கன்னு கேட்டதுக்குச் சுவர்ல மாட்டின சர்ட்டிஃபிகேட்டைக் காட்டினாங்க, சரி. "அம்மாவுக்கு டி-ஸ்கோர் மைனஸ் 2.8, ரோல்-அப் பண்ணலாமா"ன்னேன். "மெதுவா பண்ணலாம் மேம், ஒண்ணும் ஆகாது"ன்னாங்க. அம்மா வரலைன்னு சொல்லிட்டு வந்துட்டேன். எனக்கு மட்டும் பேக்கேஜ் இல்லாம தனித்தனி கிளாஸா கொஞ்சம் போய்ப் பழகிட்டு, மீதி வீட்ல பாய் விரிச்சுன்னு முடிவு. அம்மாவுக்கு வீட்டுப் பக்கத்துலயே ஒரு பிசியோ பார்த்து வச்சிருக்கேன்.

இருமிப் பார்த்தேன் சார். விரல் தூக்கிப் போட்டுச்சு. மூச்சு விட்டுப் பண்றது இன்னும் பிடிபடலை.

கோபுரம்தாங்கி:
பிடிபடும். படுத்துப் பண்ணி வரலைன்னா நாலு காலில் நின்னு பண்ணுங்க, தொங்குற வயித்தை மூச்சு விடும்போது தூக்குறது சிலருக்குச் சுலபமா வரும். ஆபீஸ்ல அரை மணிக்கொரு தரம் எழுந்து தண்ணி பிடிக்கப் போங்க. சின்ன பாட்டிலா வாங்குங்க.